நீர்க்குமிழிக்குள் இருப்பது என்ன? கண்முன் நடப்பவற்றிலிருந்து அடிப்படை வேதியியல்

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரின் கேள்வி இது: "அணு, மூலக்கூறு, பிணைப்பு, மோல், அமிலம், ஆக்சிஜனேற்றம் எல்லாவற்றுக்கும் வரையறை தெரியும், தேர்விலும் எழுதிவிடுகிறேன். ஆனால் கண்முன் நடக்கும் எதையும் அவற்றைக் கொண்டு விளக்க வரவில்லை. உப்பு தண்ணீரில் கரைவது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா என்று கேட்டால்கூடத் தடுமாறுகிறேன். வேதியியலை எங்கிருந்து பிடிப்பது?"

உங்களிடம் வரையறைகள் இருக்கின்றன. அவை எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தன என்பதை யாரும் சொல்லித் தரவில்லை என்று நினைக்கிறேன். தொடக்கநிலை வேதியியலின் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. ஒரு நிகழ்வுக்கு முன் எந்தத் துகள்கள் இருந்தன, பின் எந்தத் துகள்கள் இருக்கின்றன, அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தவற்றில் எது அறுந்தது, எது புதிதாக உருவானது? எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால், நீங்கள் மனப்பாடம் செய்த சொற்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் தானாகப் போய் உட்காரும். அதைச் சில எளிய நிகழ்வுகளில் செய்து காட்டுகிறேன்.

முதலில், கொதிக்கும் நீர். அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடியிலிருந்து பெரிய குமிழிகள் எழும்பி மேலே வந்து உடைகின்றன. அந்தக் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது? காற்று என்று சிலர் சொல்வார்கள். நீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது என்று படித்தவர்கள், அவ்விரண்டும் பிரிந்து வருகின்றன என்று சொல்வார்கள். இரண்டுமே தவறு. நீர் சூடாகத் தொடங்கும்போது, கொதிப்பதற்கு வெகு முன்பே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு தெரியும் சிறு குமிழிகள்தாம் காற்று. நீரில் கரைந்திருந்த காற்று, சூட்டில் கரைதிறன் குறைவதால் வெளியேறுகிறது. கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிகளுக்குள் இருப்பது நீராவி, அதாவது நீர் மூலக்கூறுகளேதாம். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் முன்போலவே பிணைந்திருக்கின்றன. அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகியதுதான் மாற்றம். அந்த விலகல் சிறியதன்று. வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மில்லிலிட்டர் நீர் ஆவியானால், 100 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 1.7 லிட்டர் இடத்தை நிரப்பும்.

இங்கே இரண்டு வகையான பிடிப்புகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு மூலக்கூறுக்குள்ளே அணுக்களை இணைக்கும் சகப்பிணைப்பு ஒன்று. ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையிலுள்ள ஈர்ப்பு இன்னொன்று. நீரில் இந்த இரண்டாவது ஈர்ப்புக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். பெயரில் "பிணைப்பு" இருந்தாலும் அது மூலக்கூறுகளுக்கு இடையிலானதே. இவ்விரண்டின் வலிமையில் எவ்வளவு வேறுபாடு உண்டு என்பதை எண்களில் பார்த்தால் மறக்கவே முடியாது. 18 கிராம் நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் ஆற்றல் போதும். அதே 18 கிராம் நீராவியின் மூலக்கூறுகளை முற்றிலும் உடைத்துத் தனித்தனி அணுக்களாக்க ஏறத்தாழ 925 கிலோஜூல் வேண்டும். இருபது மடங்குக்கும் மேல். அடுப்பின் வெப்பம் முதல் வகைப் பிடிப்பைத் தொடவே முடிவதில்லை. 2000 டிகிரி செல்சியசில்கூட நீராவியின் மிகச் சிறிய பங்குதான் சிதைகிறது. நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க மின்னாற்பகுப்பு வேண்டும். 1800-இல் நிக்கல்சன், கார்லைல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த மின்கல அடுக்கைக் கொண்டு அதைச் செய்து காட்டினார்கள். பள்ளி ஆய்வகத்தில் அந்தச் சோதனையைச் செய்தால், ஒரு குழாயில் சேரும் வாயுவின் பருமன் மற்றதைப் போல இருமடங்கு இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீரின் வாய்பாட்டில் ஹைட்ரஜனுக்குக் கீழே எழுதும் "2" என்ற எண்ணை அதைவிட நேரடியாகக் காட்டும் சோதனை வேறு இல்லை.

கெண்டியின் மூக்கையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மூக்கின் நுனிக்கு மிக அருகில் எதுவுமே இல்லாததுபோல் ஒரு சிறிய இடைவெளி தெரியும். வெண்புகை அதற்கு அப்பால்தான் தொடங்கும். அந்த வெற்றிடம் போன்ற இடத்தில்தான் உண்மையான நீராவி இருக்கிறது. அது நிறமற்ற வாயு என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாம் ஆவி என்று சொல்லும் வெண்மை, குளிர்ந்த காற்றில் பட்டு மறுபடியும் நீர்மமாகிவிட்ட நுண்துளிகள். (அந்த இடைவெளியில் விரலை வைத்துப் பார்க்க வேண்டாம், வெண்மையாகத் தெரியும் பகுதியைவிட அங்கே சூடு கடுமையாக இருக்கும்.)

பனிக்கட்டி நீரில் மிதப்பதற்கும் அதே ஹைட்ரஜன் பிணைப்புதான் காரணம். உறையும்போது மூலக்கூறுகள் ஒரு திறந்த சட்டகமாக அடுக்கப்படுவதால், நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. நீர் நிரம்பிய கண்ணாடிக் குப்பியை உறைபெட்டியில் வைத்தால் வெடித்துவிடுவதும் இதனால்தான்.

மூலக்கூறு என்று எழுதும்போது அது எவ்வளவு சிறியது என்ற உணர்வும் வேண்டும். சொட்டுக்குழாயிலிருந்து விழும் ஒரு துளி நீரின் நிறையை 0.05 கிராம் என்று கொள்வோம். அதில் ஏறத்தாழ 1.7 × 10²¹ மூலக்கூறுகள் இருக்கின்றன. உலகிலுள்ள 800 கோடிப் பேரும் உறங்காமல் உண்ணாமல் நொடிக்கு ஒன்றாக எண்ணினாலும், அந்த ஒரு துளியை எண்ணி முடிக்க ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். இப்படிப்பட்ட எண்ணிக்கைகளோடு வேலை செய்ய முடியாது என்பதால்தான் மோல் என்ற அலகு வந்தது. ஒரு மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள். நீரில் அது 18 கிராம். மோலின் உண்மையான பயன் என்ன என்பதைச் சிறிது நேரத்தில் பார்ப்போம். இப்போதைக்கு, அது எண்ணிக்கைக்கான ஓர் அலகு, எடைக்கான அலகு அன்று என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி உப்பு. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகத் தூள் உப்பைப் பாருங்கள். பல மணிகள் சிறு கனசதுரங்களாக இருக்கும். அந்த வடிவம் தற்செயலானதன்று. உள்ளே நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனிகளும் (அயனி என்பது மின்சுமை பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம்) எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனிகளும் மாறி மாறி, மூன்று திசைகளிலும் செங்கோணத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. 0.3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு மணியின் ஒரே ஓரத்தில் மட்டும் ஏறத்தாழப் பத்து லட்சம் அயனிகள் வரிசையாக நிற்கின்றன. இங்கே "சோடியம் குளோரைடு மூலக்கூறு" என்று தனியாக எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஒவ்வொரு சோடியம் அயனியும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு குளோரைடு அயனிகளாலும் ஒரே அளவில் ஈர்க்கப்படுகிறது. இந்த ஈர்ப்பு முழு மணியையும் கட்டிப்போட்டிருப்பதால்தான் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டியிருக்கிறது. சர்க்கரையோ 186 டிகிரியை ஒட்டியே உருகிச் சிதையத் தொடங்கிவிடும். ஒரே சட்டியில் இரண்டையும் தனித்தனியாகச் சூடாக்கினால், சர்க்கரை பழுப்பாகிக் கருகும்போது உப்பு வெள்ளையாகவே கிடக்கும்.

ஆனால் நீரில் இரண்டும் கரைகின்றன. எப்படி? நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின்தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின்தன்மையும் கொண்டது. உப்பு மணியின் விளிம்பில் நிற்கும் சோடியம் அயனியை நீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் பக்கத்தால் சூழ்கின்றன. குளோரைடு அயனியை ஹைட்ரஜன் பக்கத்தால் சூழ்கின்றன. சூழ்ந்து, ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகின்றன. ஒரு மோல் உப்பின் அடுக்கைப் பிரிக்க ஏறத்தாழ 787 கிலோஜூல் செலவாகிறது. பிரிந்த அயனிகளை நீர் சூழ்ந்துகொள்வதால் அநேகமாக அதே அளவு திரும்பக் கிடைக்கிறது. வித்தியாசம் நான்கு கிலோஜூல் அளவுதான். உப்பு கரையும்போது குவளை சூடாவதாகவோ குளிர்வதாகவோ நமக்குத் தோன்றாததன் காரணம் இதுவே. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போன்ற அந்தக் குவளைக்குள், இவ்வளவு பெரிய கொடுக்கல் வாங்கல் சமன்பட்டு முடிந்திருக்கிறது.

சர்க்கரையின் கதை வேறு. 45 அணுக்கள் கொண்ட அதன் மூலக்கூறு முழுசாக அப்படியே நீருக்குள் போகிறது. உள்ளே ஒரு பிணைப்பும் அறுவதில்லை. இந்த வேறுபாட்டை மின்சாரம் காட்டிக்கொடுக்கும். ஒரு சிறிய மின்கலம், ஒரு சிறு விளக்கு, இரண்டு கம்பிகள் போதும். உப்புக் கரைசலில் கம்பி முனைகளை வைத்தால் மின்சாரம் பாயும், சர்க்கரைக் கரைசலில் பாயாது. (வீட்டு மின்இணைப்பிலிருந்து கம்பி எடுத்து இதை ஒருபோதும் செய்யக்கூடாது.) கரைசலில் அயனிகள் மின்சாரம் பாய்ச்சும் முன்பே தனித்தனியாகத் திரிகின்றன என்று 1880-களில் சுவீடன் வேதியியலர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் சொன்னபோது, அவருடைய பல்கலைக்கழகமே அதைத் தயக்கத்துடன்தான் ஏற்றுக்கொண்டது. அந்தக் கருத்துக்கே 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நீங்கள் தடுமாறும் இடத்துக்கு வருவோம். பாடநூல் உப்பு கரைவதை இயற்பியல் மாற்றம் என்று சொல்லும். நீரை வற்றவைத்தால் அதே உப்பு திரும்பக் கிடைக்கிறது, ஆகவே புதிய பொருள் எதுவும் உண்டாகவில்லை என்பது அதன் காரணம். தேர்வில் அதையே எழுதுங்கள். ஆனால் நம்முடைய கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சர்க்கரை கரையும்போது மூலக்கூறுகளுக்கு இடையிலான பிடிப்பு மட்டும் தளர்ந்தது. உப்பு கரையும்போதோ அயனிப் பிணைப்பே பிரிந்தது. நீர் சூழ்ந்த அயனி என்ற வேறொரு துகள் உண்டானது. ஆகவே உப்பு விஷயத்தில் உங்களுக்கு வந்த தடுமாற்றம் அறியாமையால் வந்ததன்று. இரண்டு பெட்டிகளுக்குள் எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்பதை நீங்கள் சரியாகவே உணர்ந்திருக்கிறீர்கள். "திரும்பப் பெற முடியுமா" என்பதை வைத்துப் பிரிப்பதைவிட, "எந்தப் பிடிப்பு அறுந்தது" என்பதை வைத்துப் பார்ப்பதே பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. எத்தனையோ வேதிவினைகள் திரும்பக்கூடியவை. நாம் அன்றாடம் மின்னேற்றும் மின்கலங்கள் அதனால்தான் மறுபடி மறுபடி வேலை செய்கின்றன. மறுபுறம், உடைந்த கண்ணாடியை ஒட்டவைக்க முடியாது என்பதற்காக, உடைந்ததை யாரும் வேதிவினை என்று சொல்வதில்லை.

எண்ணெய் ஏன் நீரில் கரைவதில்லை என்பதும் இங்கேயே தெளிவாகிவிடும். எண்ணெய் மூலக்கூறின் பெரும்பகுதி நீண்ட கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலி. நீர் பற்றிக்கொள்ள அதில் குறிப்பிடத்தக்க மின்தன்மை இல்லை. சோப்பு மூலக்கூறில் அத்தகைய நீண்ட வால் ஒன்றும், நீரால் பற்றிக்கொள்ளக்கூடிய மின்சுமை கொண்ட தலை ஒன்றும் சேர்ந்திருக்கின்றன. வால்கள் எண்ணெய்த் துளிக்குள் புதைய, தலைகள் வெளியே நீரைப் பார்த்து நிற்க, முழுத் துளியும் நீரோடு போய்விடுகிறது. நிலத்தடி நீர் சிலவற்றில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைக் கசடாகத் திரிவதற்குக் காரணம், அந்த நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் சோப்பின் தலைகளோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடுவதுதான்.

அடுத்தது மெழுகுவர்த்தி. இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட விரும்பிப் பரிந்துரைப்பேன். ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் பாரடே 1860-61 குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்காக ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளுக்கு ஒரு மெழுகுவர்த்தியையே பொருளாக எடுத்துக்கொண்டார். அந்தத் தேர்வு எவ்வளவு சரியானது என்பது உற்றுப் பார்ப்பவர்களுக்குப் புரியும். திரிக்குக் கீழே மெழுகு உருகிக் குளமாக நிற்கிறது. அது மூலக்கூறுகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்ததன் விளைவு. உருகிய மெழுகு திரியின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக ஏறுகிறது, சூட்டில் ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. திட மெழுகோ, நீர்ம மெழுகோ அங்கே நேரடியாக எரிவதில்லை. இதை நீங்களே சோதிக்கலாம். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெண்புகை ஒரு கோடாக எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே அந்தப் புகையில் காட்டுங்கள். சுடர் புகைவழியே கீழே ஓடி வந்து திரியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை, எரியாமல் வெளியேறிக் குளிர்ந்த மெழுகே. (பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது, காற்றோட்டம் அலைக்கழிக்காத அறையில், தீப்பற்றக்கூடிய துணியோ தாளோ அருகில் இல்லாமல் இதைச் செய்யுங்கள்.)

சுடரின் மஞ்சள் நிறம், முழுமையாக எரியாத கார்பன் துகள்கள் சூட்டில் ஒளிர்வதால் வருவது. குளிர்ந்த உலோகக் கரண்டி ஒன்றை ஒரு கணம் அந்த மஞ்சள் பகுதிக்குள் நுழைத்து எடுத்தால் கரி படிந்திருக்கும். உலர்ந்த குளிர்ந்த கண்ணாடிக் குவளையைச் சுடருக்குச் சற்று மேலே கவிழ்த்துப் பிடித்தால் உட்புறம் பனி படர்ந்தாற்போல் மங்கும், அது நீர். நெருப்பிலிருந்து நீர் வருகிறது என்பதை முதன்முறை கண்ணால் காணும் மாணவர்கள் நம்பத் தயங்குவார்கள். ஆனால் மெழுகில் ஹைட்ரஜன் இருக்கிறது, காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நீர் வராமல் வேறென்ன வரும்?

மெழுகுவர்த்தி எரிந்து "ஒன்றுமில்லாமல் போய்விட்டது" என்று நாம் சொல்வதும் இங்கே திருத்தப்பட வேண்டியது. மெழுகு பல ஹைட்ரோகார்பன்களின், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த பொருள்களின், கலவை. கணக்குக்காக 25 கார்பன் அணுக்களும் 52 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஒரு மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். அத்தகைய ஒரு மூலக்கூறு முழுமையாக எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். விளைவது 25 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் 26 நீர் மூலக்கூறுகளும். இதை நிறைக்கு மாற்றினால், 10 கிராம் மெழுகு காற்றிலிருந்து ஏறத்தாழ 34.5 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 31.2 கிராம் கார்பன் டை ஆக்சைடையும் 13.3 கிராம் நீரையும் தருகிறது. இருபுறமும் கூட்டிப் பாருங்கள், 44.5 கிராம்தான். மெழுகு குறைந்தது, ஆனால் அதிலிருந்த ஓர் அணுகூட அழியவில்லை. எரிந்த மெழுகைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட நிறை கொண்ட பொருள்கள், நம் கண்ணுக்குத் தெரியாமல் அறையின் காற்றில் கலந்துவிட்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியே மூடிய கலன்களையும் துல்லியமான தராசையும் கொண்டு நிறுவிய நிறை மாறா விதி இதுவே. சமன்பாட்டை ஏன் சமன்செய்ய வேண்டும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இந்தக் கூட்டல் ஒன்றே போதும்.

வெப்பம் எங்கிருந்து வந்தது? "மெழுகின் பிணைப்புகளுக்குள் ஆற்றல் அடைந்து கிடந்தது, பிணைப்பு உடைந்ததும் வெளியே வந்தது" என்று பலர் நினைக்கிறார்கள். சில விளக்கங்களும் அப்படியே எழுதிவிடுகின்றன. இது தலைகீழான புரிதல். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காந்தங்களைப் பிரிக்க நீங்கள்தான் பலம் செலவிட வேண்டும். அவை மறுபடி ஒட்டும்போதுதான் வேகமாக வந்து மோதுகின்றன. பிணைப்பும் அவ்வாறே. எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவாகும், எந்தப் பிணைப்பு உருவானாலும் ஆற்றல் வெளிப்படும். ஆக்சிஜன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 498 கிலோஜூல் ஆகிறது. கார்பன் டை ஆக்சைடில் உருவாகும் ஒவ்வொரு கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பும் ஏறத்தாழ 800 கிலோஜூல் தருகிறது. செலவைவிட வரவு அதிகமாவதால் மிச்சம் வெப்பமாகவும் ஒளியாகவும் வெளிவருகிறது. இதுதான் வெப்ப உமிழ்வினை. அப்படியானால் மெழுகுவர்த்தி ஏன் தானாகப் பற்றிக்கொள்வதில்லை? வரவு வருமுன் முதல் செலவைச் செய்தாக வேண்டும். அந்த முதல் செலவுக்குத்தான் கிளர்வு ஆற்றல் என்று பெயர். தீக்குச்சி அதைத் தருகிறது, பிறகு சுடரே அடுத்தடுத்த மூலக்கூறுகளுக்கு அதைத் தந்துகொண்டிருக்கிறது.

இரும்பு துருப்பிடிப்பதும் ஆக்சிஜனோடு சேரும் வினையே, ஆனால் மெதுவானது, நீரும் உடனிருந்தால்தான் நடப்பது. இங்கே விளைபொருள் காற்றில் கலந்து போகாமல் அங்கேயே தங்குவதால் எடை கூடுகிறது. நுண்ணிய எஃகு நாரைத் தீயில் காட்டினால் அது கனன்று எரியும். எரிந்தபின் நிறுத்தால் முன்பைவிடக் கனமாக இருக்கும். அதே எஃகு கம்பியாக இருந்தால் எரியாது, ஏனெனில் ஆக்சிஜன் தொடக்கூடிய புறப்பரப்பு அங்கே மிகக் குறைவு. குளிர்நாடுகளில் கையைச் சூடாக்கப் பயன்படுத்தும் சிறு பொட்டலங்களுக்குள் இருப்பதும் இரும்புத்தூள்தான். காற்றுப் பட்டதும் அது வேகமாகத் துருப்பிடித்து வெப்பம் தருகிறது.

கடைசியாக, சமையல் சோடாவும் வினிகரும். இரண்டையும் கலந்தால் பொங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்; வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். மோல் என்ற கருத்து எதற்காக இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. ஒரு குவளையில் 5 கிராம் சமையல் சோடாவைப் போடுங்கள். 15 மில்லிலிட்டர் வினிகரை ஊற்றுங்கள். பொங்கி அடங்கும். அடங்கியபின் அடியில் வெள்ளைத்தூள் மிச்சம் கிடக்கும். மேலும் 15 மில்லிலிட்டர் ஊற்றினால் மறுபடி பொங்கும். ஏன்?

சோடாவின் ஒரு துகளோடு, வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு வினைபுரிந்து, சோடியம் அசிட்டேட், நீர், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றைத் தருகிறது. வினை எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது, எடையைப் பார்ப்பதில்லை. ஒரு மோல் சோடா 84 கிராம், ஆகவே 5 கிராம் என்பது ஏறத்தாழ 0.06 மோல். நூறு மில்லிலிட்டருக்கு 5 கிராம் அமிலம் உள்ள வினிகரில், 15 மில்லிலிட்டரில் இருப்பது 0.75 கிராம் அமிலம். ஒரு மோல் அசிட்டிக் அமிலம் 60 கிராம் என்பதால் அது 0.0125 மோல் மட்டுமே. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில், சோடாவில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் இணை கிடைத்தது. மீதி காத்திருக்கிறது. இங்கே முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் அமிலம்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. முழுச் சோடாவும் தீர மொத்தம் ஏறத்தாழ 71 மில்லிலிட்டர் வினிகர் வேண்டும். அப்போது அறை வெப்பநிலையில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வாயு உண்டாகும், அதில் கொஞ்சம் கரைசலிலேயே கரைந்து தங்கும். இதை ஒருமுறை செய்து, கணக்கிட்ட அளவை நெருங்கும்போது பொங்குதல் நின்றுபோவதைப் பார்த்துவிட்டால், மோல் கணக்குகள் அதன்பிறகு வெறும் வகுத்தல் பெருக்கலாகத் தோன்றாது. மூடிய புட்டியில் மட்டும் செய்ய வேண்டாம். அவ்வளவு வாயுவுக்கு இடமில்லாமல் புட்டி வெடிக்கும்.

குவளையைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கும். இந்த வினை சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் வெப்பக்கொள் வினை. தானாக நடக்கும் வினைகள் எல்லாம் வெப்பம் தந்தே ஆகவேண்டும் என்பதில்லை. வாயு வெளியேறித் துகள்கள் பரந்து சிதறுவதும் ஒரு வினையை முன்னோக்கித் தள்ளும்.

இதே குவளையில் இன்னொரு கருத்தும் இருக்கிறது. அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்த அமிலம். வினிகரில் ஆயிரம் அமில மூலக்கூறுகளில் ஏறத்தாழ ஐந்து மட்டுமே எந்த நேரத்திலும் தம் ஹைட்ரஜன் அயனியைப் பிரித்துக்கொடுத்த நிலையில் இருக்கின்றன. அதனால்தான் அதன் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 2.4 அளவில் நிற்கிறது. அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பி.எச். பூச்சியத்தை ஒட்டி இருக்கும். 1909-இல் டென்மார்க் வேதியியலர் சோரன்சன் வகுத்த இந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதால், இரண்டுக்கும் இடையே ஹைட்ரஜன் அயனிச் செறிவில் இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டு. ஆனால் ஆயிரத்துக்கு ஐந்து மட்டுமே பிரிந்திருந்தும், சோடா எப்படி அமிலம் முழுவதையும் தீர்த்தது? சோடா அந்த ஐந்தை எடுத்துக்கொண்டதும், சமநிலை குலைந்து, இன்னும் சில மூலக்கூறுகள் பிரிகின்றன. அவற்றையும் எடுத்துக்கொள்ள, மேலும் பிரிகின்றன. இப்படிக் கடைசிவரை போகிறது. அமிலத்தின் வலிமை என்பது எத்தனை விழுக்காடு பிரிந்து நிற்கிறது என்பது. செறிவு என்பது மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது. மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இவ்விரண்டையும் ஒரே குவளை பிரித்துக் காட்டிவிடுகிறது.

வினிகர் பாதுகாப்பானது என்பதால் வீட்டிலுள்ள எதனோடும் அதைக் கலந்து பார்க்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். துணிகளையும் தரையையும் வெளுக்கப் பயன்படும் திரவ பிளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கிறது. அதோடு குளோரைடு அயனிகளும் இருக்கின்றன. எந்த அமிலம் சேர்ந்தாலும், கழிப்பறை கழுவும் அமிலமோ வினிகரோ, அவை வினைபுரிந்து குளோரின் வாயு வெளிவரும். அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவத்தோடு பிளீச் சேர்ந்தால் குளோரமைன்கள் உண்டாகும். இரண்டும் நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயுக்கள், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்தானவை. ஆகவே துப்புரவுத் திரவங்களில் ஒன்றைப் பயன்படுத்திய இடத்தை நிறைய நீர்விட்டுக் கழுவிய பிறகே இன்னொன்றை எடுக்க வேண்டும். தவறிக் கலந்துவிட்டால், கலவையைச் சரிசெய்ய முயலாமல் உடனே வெளியேறி, காற்றோட்டமான இடத்துக்குப் போய், பெரியவர்களிடம் சொல்லுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.